குன்னூர் எலிகள்

முதுமையைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது. ஆயினும், நோயின்றி முதுமை எய்துதல் உண்ணும் உணவைப் பெரிதும் பொறுத்தது. இதனை ஆராய்ந்து காட்டிய இடங்களுள் நம் நீலகிரி மலையிலுள்ள குன்னூரும் ஒன்றாகும்.

இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர், அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918ஆம் ஆண்டு பெரிபெரி நோயின் காரணத்தை ஆராயத் தொடங்கினார். நாளடைவில் அப்பணி பெரியதோர் உணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. ஆராய்ச்சிக்கு அவர் எலியைத் தெரிந்துகொண்டது ஏன்? மனிதன் உண்பனவற்றையெல்லாம் எலியும் உண்ணும். அதன் வாழ்நாளோ மிகக் குறுகியது. மனிதனிடம் ஐம்பது ஆண்டில் காணத்தக்க மாறுதல்களை எலியிடம் இரண்டே ஆண்டில் கண்டுவிடலாம்.

இந்தியாவின் ஏழு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் ஏழு கூட்டம் எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டினார். சீக்கியர் உணவை உண்டவை சராசரி 235 கிராம் எடை பெற்றன. சென்னை மாகாணத்தார் உணவை உண்டவையோ 155 கிராமே பெற்றன! கடைசி இடம் நம்முடையது என்பது கேட்கக் கசக்கும். ஆனால் குறை மக்களிடத்து அன்று. தவிடு நீங்கத் தீட்டிப் பலமுறை கழுவிய அரிசியும், பாலின் குறைவுமே காரணம். பெரிபெரியைத் தடுக்கும் உயிர்ச்சத்து தவிட்டோடு போய்விடுகிறது. எங்கள் குளத்தூர்ப் பக்கத்தில் உரலில் குற்றிய அரிசியை உண்ட முதியோரை யான் இளமையில் கண்டிருக்கிறேன். ஆலை வந்த பின்னரோ வெண்மையே அரிசிக்கு அழகென்று ஆயிற்று.

மக்காரிசன் வேறு ஆயிரம் எலிகளையும் வளர்த்தார். தவிடு நீக்காத கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் காரட்டு, முட்டைக்கோசு, எப்போதாவது சிறிது இறைச்சி ஆகியவை அவற்றின் உணவு. தூய்மையும் வெளிச்சமும் உள்ள இடத்தில் அவை வாழ்ந்தன. இரண்டேகால் ஆண்டுக் காலம் வளர்ந்த எலிகளுள் ஒன்றேனும் நோயால் மடியவில்லை.

உணவின் அளவும் ஆராயப்பட்டது. சத்துக் குறையாமல் உணவைச் சுருக்கினால் எலிகள் நெடுநாள் வாழும் என்பதை 1935இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே என்பார் கண்டார்.

இக்காலத்தில் மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் பொருளைத் தனியே பிரித்து, மாத்திரையாக்கி, இளமை தருமென்று விற்கின்றனர். அமெரிக்க ஆராய்ச்சிக் கூடங்கள் மூன்றில் சுண்டெலிகளுக்கு அதனை ஊட்டிப் பார்த்தனர். அவற்றின் வாழ்நாள் நீளவில்லை என 2013இல் முடிவு வெளியாயிற்று. எலியிடம் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்தாதுதான். எலிக்கே பயன் தராத ஒன்றைப் பணம் கொடுத்து வாங்குமுன் சற்றுச் சிந்தித்தல் நன்று.

குன்னூர்க் கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்றது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரோடு அஃது இன்றும் நம் நாட்டு உணவுகளை ஆராய்ந்து வருகின்றது.