பச்சை தெரிகிறது, புல் எங்கே?

"கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் எம்.ரெட்டியபட்டியைச் சுற்றிப் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆடுகளுக்கு மட்டும் ஏன் மேய்ச்சல் இல்லை?" என்று திருச்சுழிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார். மேய்ச்சல் நிலத்தின் விளைச்சலை வானத்திலிருந்தே சொல்லிவிடுவோம் என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

செயற்கைக்கோளுக்குப் புல் தெரியாது. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பும் எவ்வளவு திரும்பி வருகின்றன என்று மட்டுமே அது அளக்கிறது. சிவப்பைப் பச்சையம் விழுங்கிவிடும். சிவப்பை அடுத்துள்ள அகச்சிவப்பில் ஏறக்குறைய பாதியை இலை திருப்பி அனுப்பிவிடும். எப்படி என்பதுதான் அழகு.

கல்லுப்பை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். அம்மியில் வைத்துப் பொடித்தால் வெள்ளை. உப்பு மாறவில்லை, துகள்களுக்கு நடுவே காற்று புகுந்திருக்கிறது. ஒவ்வொரு விளிம்பிலும் ஒளி வளைந்து, சிதறி, வெளியே வந்துவிடுகிறது. இலைக்குள்ளும் செல்சுவர், காற்றறை, மறுபடி செல்சுவர். பொடியுப்பில் நல்லெண்ணெய் விட்டுப் பாருங்கள், வெண்மை மங்கும். காற்றிருந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது. இலையின் காற்றறைகளில் நீரை ஏற்றினாலும் அகச்சிவப்பு இப்படித்தான் மங்குகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் பதிவாவது, இலைக்குள் அடைபட்ட காற்றின் வேலை!

அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரக் குறியீடு. 1972-இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் தரவைக் கொண்டு அமெரிக்கப் புல்வெளிகளில் தொடங்கியது. 1980-களில் செனகல் மேய்ச்சல் நிலங்களுக்குப் போனது. வரலாறு இவ்வளவு போதும்.

நம் சிக்கல் மண்ணில் தொடங்குகிறது. புல் அடர்த்தியாக இல்லாத இடத்தில் மண்ணின் ஒளியும் கலந்து வரும். அதே அளவு புல், வெளிர்மண்ணில் காட்டுவதைவிடக் கரிசலில் கூடுதலான குறியீட்டைக் காட்டும். மழையில் நனைந்து மண் இன்னும் கறுத்தால், புதிதாக ஒரு தளிர் வராமலே எண் ஏறும். 1988-இல் ஹூட் என்பவர் இதற்கென்றே ஒரு திருத்தம் கண்டார். அதைப் போடாத வரைபடத்தை இந்தப் பக்கம் நான் நம்பமாட்டேன்.

அடுத்தது சீமைக்கருவேல். வாசகர் பார்த்த கோடைப் பச்சையில் பெரும்பங்கு அதுவாகத்தான் இருக்கும். அதன் நெத்தை ஆடு விரும்பித் தின்னும். இலையை அனேகமாகத் தொடாது. கரிமூட்டம் போடுபவருக்கு விளைச்சல், ஆடு மேய்க்கும் கீதாரிக்கு வெறும் முள். குறியீடு சீமைக்கருவேலையும் புல்லையும் பிரிக்காது.

ஒற்றைப் படத்தை விட்டுவிட்டு ஆண்டு முழுவதையும் கோர்த்தால் பிரிக்கலாம். சென்டினல்-2 செயற்கைக்கோள் இணை ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. படத்தின் ஒரு புள்ளி பத்து மீட்டர் சதுரம், சுமார் இரண்டரை சென்ட். சீமைக்கருவேலின் குறியீட்டுக் கோடு பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் ஓடும். கொழுக்கட்டைப் புல்லோ ஐப்பசி மழையில் எழுந்து, மார்கழி, தை வரை நின்று, பங்குனிக்குள் காய்ந்துவிடும். அடியில் ஓடும் கோட்டைக் கழித்துவிட்டு மேலே எழும் மேட்டின் பரப்பை எடுத்தால், மேய்ச்சலுக்கு நெருக்கமான ஓர் அளவு கிடைக்கும். மானாவாரிப் பயிரும் இதே காலத்தில் எழும் என்பதால் புஞ்சைகளை முன்பே விலக்கிவிட வேண்டும். புல் எழும் நாட்களில்தான் மேகமும் மூடும் என்பதால் இடைவெளிகள் விழும்.

அப்போதும் அது கிலோ ஆகாது. ஆட்டுக்கிடை இறங்குவதற்கு முன் தரிசிலும் கண்மாய்க்கரையிலும் ஒரு மீட்டர் சதுரங்களில் புல்லை அறுத்து, உலர்த்தி, நிறுத்து, அந்த எடைகளோடு குறியீட்டைப் பொருத்த வேண்டும். செனகலில் கிடைத்த விகிதம் கரிசலுக்குச் செல்லாது. எந்தப் புல்லை ஆடு ஒதுக்கும் என்று கீதாரியிடம் கேட்டு, அறுத்ததிலிருந்து அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு நிறுக்க வேண்டும்.