பல்வரிசையும் பணமும்

பாலாற்றின் வடகரையில் காஞ்சி நகரத்தோடு ஒட்டி நிற்கும் செவிலிமேட்டில், நாளெல்லாம் பட்டுத்தறி ஓடும் வீடுகளுக்குள்ளும், கம்பி வேண்டியதில்லை, வெளியே தெரியாது, வீட்டுக்கே வந்து அளவெடுப்போம், மாதத் தவணையில் கட்டலாம் என்று ஆசை காட்டும் பல் சீரமைப்பு விளம்பரங்கள் கைபேசி வழியாக நுழைந்துவிடுகின்றன. கல்யாணப் பேச்சு தொடங்கும் பருவத்தில் எத்துப்பல்லைப் பற்றி உறவினர் சொல்லிவிட்டுப் போகும் ஒரு வார்த்தை, ஒரு பெண்ணின் மனத்தை எத்தனை காலம் அரித்துக்கொண்டிருக்கும் என்பதை அறிந்தவர்கள் பல்லைச் சீராக்கிக்கொள்ளும் ஆசையைக் குறைகூற மாட்டார்கள். நானும் கூறவில்லை. ஆனால் சிகிச்சையைக் கடைச்சரக்காக எண்ணி வாங்குவதில் உள்ள அபாயத்தை எடுத்துச் சொல்லாமலிருப்பது தவறு.

அந்த விளம்பரங்கள் விற்கும், கிளியர் அலைனர் எனப்படும் ஒளி ஊடுருவும் பல்லுறை, 1997-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்ற அலைன் டெக்னாலஜி நிறுவனத்தின் இன்விசலைன் மூலம் உலகெங்கும் பிரசித்தி பெற்றது. வாயின் அளவைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றும் பல்லை ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் நகர்த்தும்படி வரிசையாகப் பல உறைகளைச் செய்து, வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒன்றாக மாற்றி, நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும். உண்ணும்போதும், தேநீரோ காப்பியோ பருகும்போதும் கழற்றிவிட வேண்டும். தறியில் உட்கார்ந்தபடியே அடிக்கடி தேநீரும் வெற்றிலையும் பழகிவிட்டவர்கள், இந்த நியமத்தைத் தம்மால் அனுசரிக்க முடியுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

பல் நகர்வது உண்மையில் எலும்பின் காரியம். அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைந்து, எதிர்ப்பக்கத்தில் புதிதாக வளர்ந்தால்தான் வேர் இடம்பெயரும். ஈறுநோயால் எலும்பு முன்பே தேய்ந்திருக்கும் வாயில் அதே அழுத்தம் பல்லை ஆட்டங்காணச் செய்துவிடும்; வேர்நுனி கரைந்து குட்டையாவதும், கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் மெல்லுவதே சிரமமாவதும் உண்டு. இவற்றின் அறிகுறி எதுவும் கைபேசியில் எடுத்த படத்தில் தெரியாது. எக்ஸ்-ரே எடுத்து, ஈற்றின் ஆழத்தைக் கருவியால் அளந்து, விரல்வைத்துச் சோதித்த பிறகே, ஐந்தாண்டு பி.டி.எஸ். படிப்புக்கு மேல் பல் சீரமைப்பில் மூன்றாண்டு எம்.டி.எஸ். பயின்ற நிபுணரும் தம் முடிவைச் சொல்வார். தாடையெலும்பே முன்தள்ளியிருந்தால் உறை மட்டும் போதாது. கடினமான சில அசைவுகளுக்குக் கம்பியே உத்தமம்.

மருத்துவரை நேரில் காணாமல் நடைபெறும் வியாபாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது. நேரில் பல் மருத்துவரைப் பார்க்காமலே தபாலில் உறைகளை அனுப்பி, 2014-இல் தொடங்கிப் பெரிதாக வளர்ந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம், 2023 செப்டம்பரில் திவால் பாதுகாப்புக் கோரி, டிசம்பரில் ஒரேயடியாக மூடப்பட்டது. சிகிச்சையின் நடுவே இருந்தவர்கள் கைவிடப்பட்டார்கள். வாழ்நாள் உத்தரவாதம் செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. தவணைக்காரர்கள் மட்டும் தொடர்ந்து பணம் கட்ட வேண்டும் என்றார்கள். இந்தக் கடைசிச் செய்தியை நம் மக்கள் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இங்கும் தவணை என்பது பெரும்பாலும் வங்கியோ நிதி நிறுவனமோ தனியே கொடுக்கும் கடன். உறை விற்றவர் மறைந்துபோனாலும் கடன் மறையாது. செயலி வழியாகப் பெறும் கடனில், அசலையும் அத்தனை நாளுக்குரிய செலவையும் கட்டிவிட்டு அபராதமின்றி விலகிக்கொள்ளச் சிறிது கால அவகாசம் தரப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த அவகாசம் எத்தனை நாள் என்பதைக் கையொப்பத்துக்கு முன்பே கேளுங்கள். கடன் கொடுத்தவரிடம் புகார் செய்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், தகவலுக்கு 14448.

சட்டப்படி, பதிவு பெறாதவர் பல் மருத்துவம் பார்ப்பது குற்றம். ஆகவே உங்கள் சிகிச்சைக்குப் பொறுப்பேற்கும் மருத்துவரின் பெயரையும் பதிவெண்ணையும் கேட்டு எழுதி வாங்குவதில் கூச்சப்பட வேண்டியதில்லை. எத்தனை உறைகள், பற்களுக்கிடையே எனாமலைத் தேய்ப்பார்களா, மொத்தச் செலவு எவ்வளவு, நடுவில் நிறுத்தினால் பணம் திரும்புமா, பின்னர் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க அணியும் ரிடெய்னரின் விலை இதில் அடங்குமா என்பவற்றையும் தமிழிலேயே விளக்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

அப்படியும் கேடு நேர்ந்துவிட்டால் சட்டத்தில் வழியுண்டு: கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குட்பட்ட சேவையே என்று 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நிறுவனம் மும்பையிலோ பெங்களூரிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க வழிசெய்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. வக்கீல் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. ஆனால் வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிட்டுப் பார்க்கலாம். மருத்துவரின் நடத்தையைப் பற்றிய புகார் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்குச் செல்லும். ரசீது, எக்ஸ்-ரே, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் படம் ஆகியவற்றோடு, அணிந்து கழற்றிய உறைகளையும் எறியாமல் வைத்திருங்கள். ஆணையத்தின் முன் பேசுபவை அவைதாம்.

பணமே தடையாக இருப்பவர்கள், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் சீரமைப்புக்கென்றே தனித் துறை இயங்குவதை அறிந்துகொள்ள வேண்டும். தவணைக் கடனில் கையொப்பமிடுவதற்கு முன் பிள்ளையை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று, உறையா, கம்பியா, அல்லது எதுவுமே வேண்டாமா என்று நிபுணர்களைக் கேட்டு வாருங்கள்.