மடிக்கணினிக்கு ஏன் காது கேட்கவில்லை?

காலை வேளையில் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? "திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, தாம்பரம்!" என்று நடத்துனர்கள் இடைவிடாமல் கூவிக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்டுத்தான் நமக்குரிய பேருந்தைக் கண்டுகொள்கிறோம். கம்பியில்லா இணையமாகிய வைஃபையும் இப்படிக் கூவியே தன்னை அறிவித்துக்கொள்கிறது. ரூட்டர் என்னும் சிறு பெட்டி தன் பெயரை விநாடிக்கு ஏறத்தாழ பத்து முறை ரேடியோ அலைகளில் ஒலிபரப்புகிறது. மடிக்கணினி அதைக் கேட்டுப் பெயர்ப்பட்டியலைத் திரையில் காட்டுகிறது.

கூவும் குரல் இருந்தும் மடிக்கணினிக்குக் கேட்கவில்லையென்றால்? அப்படி ஒரு மாலைப்பொழுதில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கடைசி நாள்

நான் விழுப்புரத்தில் வசிப்பவன். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, முதலாண்டு மாணவி ஒருத்தி கண்கலங்கி வந்து நின்றாள். கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். தந்தை நெடுஞ்சாலை ஓரத்தில் தர்ப்பூசணி விற்பவர். உதவித்தொகை கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு படிப்பே கேள்விக்குறி. கைபேசியின் சிறு திரையில் விண்ணப்பப் படிவம் பாதியிலேயே நின்றுவிட்டது.

அவள் கையில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவள் அண்ணன் பள்ளியில் பெற்றது அது. "வைஃபை கார்டு போய்விட்டது என்று கடையில் சொல்லிவிட்டார்கள், சார். இரண்டு வருஷமாகச் சும்மா கிடக்கிறது" என்றாள். கடையிலும் அவள் அண்ணனின் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் சோதித்தார்களாம்.

"வேலை செய்யவில்லை" என்பது நோயின் பெயர் அன்று. காய்ச்சல் என்று வருபவரிடம் மருத்துவர் பல கேள்விகள் கேட்பதில்லையா? நாமும் கேட்க வேண்டும். மடிக்கணினியிலிருந்து இணையம் வரை உள்ள வழியில் எந்த இடத்தில் தடை?

வழியை நான்காகப் பிரிப்போம்

பேருந்துப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நடத்துனரின் குரல் காதில் விழ வேண்டும். அடுத்து, பயணச்சீட்டு வேண்டும். மூன்றாவதாக, இருக்கை எண் வேண்டும். நான்காவதாக, பேருந்து செல்லச் சாலை வேண்டும்.

வைஃபையிலும் அப்படியே. ரூட்டரின் பெயர் பட்டியலில் தெரிவது முதற்படி. கடவுச்சொல் ஏற்கப்படுவது இரண்டாம் படி. மடிக்கணினிக்கு ஓர் எண் முகவரி கிடைப்பது மூன்றாம் படி. ரூட்டரிலிருந்து வெளியுலகுக்குச் செல்லும் கம்பி அல்லது கண்ணாடி இழை பழுதின்றி இருப்பது நான்காம் படி. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதற்படியில் ஒரு புதிர்

மாணவி தன் அண்ணனின் கைபேசியைக் கொண்டுவந்திருந்தாள். அதில் ஹாட்ஸ்பாட்டை இயக்கினோம். அதாவது, கைபேசியையே ஒரு சிறு ரூட்டராக்கினோம். என் மேசைமீது இருந்த வேறொரு புதிய கைபேசி அந்தப் பெயரை உடனே காட்டியது. மடிக்கணினி காட்டவில்லை. விமானப் பயண நிலை இயங்குகிறதா என்று பார்த்தேன், இல்லை. வைஃபைக்கான விசையும் அணைக்கப்படவில்லை.

அப்படியானால் கார்டு பழுதுதானா? முடிவுக்கு வருமுன் ஒன்றே ஒன்றை மாற்றிப் பார்க்க எண்ணினேன். என் சட்டைப்பையில் இருந்த பழைய கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்கினேன். என்ன வியப்பு! அதன் பெயர் மடிக்கணினியின் திரையில் பளிச்சென்று தோன்றியது. கார்டு உயிரோடுதான் இருக்கிறது!

மடிக்கணினி அதேதான், இடமும் அதேதான். மாறியது கைபேசி மட்டுமே. ஆகவே காரணம் கைபேசிகளின் வேறுபாட்டில்தான் இருக்க வேண்டும். இரண்டின் அமைப்புகளையும் ஒப்பிட்டோம். அண்ணனின் கைபேசி 5 கிகா ஹெர்ட்ஸில் கூவிக்கொண்டிருந்தது, என்னுடையது 2.4 கிகா ஹெர்ட்ஸில்.

நாய்க்குக் கேட்கும் ஒலி

மனிதச் செவி சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்ட ஒலியையும் நாய் கேட்கும். நமக்குக் கேட்கவில்லை என்பதால் நம்மைச் செவிடர் என்று சொல்லலாமா? பழைய மடிக்கணினிகள் பலவற்றின் வைஃபை கார்டும் இப்படித்தான். அவை 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டையை மட்டுமே கேட்கும்; 5 கிகா ஹெர்ட்ஸ் அவற்றுக்கு எட்டாது.

இவ்வலைகளின் நீளம் என்ன? ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். விநாடிக்கு 30 கோடி மீட்டரை 240 கோடியால் வகுத்தால் 0.125 மீட்டர், அதாவது 12.5 சென்டிமீட்டர். 5 கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 சென்டிமீட்டர். இத்தகைய குற்றலைகள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. 1890-களிலேயே ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கி ஆய்ந்தவர். 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த திறன் கருவிகளை உரிமம் இன்றிப் பயன்படுத்த இந்தியாவில் 2005-இல் விதிகள் வந்தன. அதனால்தான் நம் வீட்டு ரூட்டருக்கு யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை.

அண்ணனின் கைபேசியை 2.4-க்கு மாற்றினோம். பெயர் தோன்றியது. கடவுச்சொல்லை எழுத்துப் பிசகாமல் இட்டோம். இங்கே ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதை மறவாதீர்கள்.

அடுத்து எண் முகவரியைப் பார்த்தோம். அது 192.168 என்று தொடங்கியது. உங்கள் கணினியில் 169.254 என்று தொடங்கினால், இருக்கை எண் தர ஆள் இல்லாமல் கணினி தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது ரூட்டரை அணைத்து மீண்டும் இயக்கி, இணைப்பைப் புதிதாக ஏற்படுத்த வேண்டும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்று படிகள் ஏறிவிட்டோம்!

முழு அலை, இல்லாத இணையம்

நான்காம் படியில் பலரும் ஏமாறுவதுண்டு, நானும் ஏமாந்திருக்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்கள் பகுதியில் பெருமழை கொட்டியது. மறுநாள் என் வீட்டில் மின்கலத்தின் உதவியால் ரூட்டர் இயங்கியது. வைஃபைக் குறியில் எல்லாப் பட்டைகளும் நிறைந்திருந்தன. இணையம் மட்டும் இல்லை! தெருவில் இழை அறுந்து தொங்கியது. பட்டைகள் காட்டுவது ரூட்டருக்கும் நமக்கும் இடையிலுள்ள அலையின் வலிமையை மட்டுமே. அப்பாலுள்ள சாலையைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

மாணவியின் கைபேசியில் சாலை சரியாகவே இருந்தது. அதில் இணையப் பக்கங்கள் திறந்தன. மடிக்கணினியிலோ, "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கையே மீண்டும் மீண்டும் வந்தது. மணி ஏழு ஆகிவிட்டது. அவள் முகம் வாடியது.

திரையின் ஓரத்தில் இருந்த தேதியைத் தற்செயலாகப் பார்த்தேன். 2012 ஜனவரி 1!

பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழை வைத்திருக்கும். அதில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று குறிக்கப்பட்டிருக்கும். நான் ரயிலில் வரும் சீசன் டிக்கெட்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதகரின் நாட்காட்டி 2012 என்று காட்டினால், என் டிக்கெட்டை அவர் ஏற்பாரா? மடிக்கணினியும் அப்படியே மறுத்தது. அணைத்து வைத்திருக்கும்போதும் கடிகாரம் ஓடுவதற்காக உள்ளே ஒரு சிறு மின்கலம் உண்டு. இரண்டு ஆண்டு சும்மா கிடந்ததில் அது தீர்ந்துவிட்டது.

தேதியையும் நேரத்தையும் கையால் திருத்தினோம். பக்கம் திறந்தது. எட்டே முக்காலுக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்ற செய்தி வந்தபோது, நான் கடைசி ரயிலைப் பற்றிக்கூட நினைக்கவில்லை. மின்கலத்தைப் பிறகு மாற்றிக்கொண்டார்கள். புதிய கார்டு தேவைப்படவே இல்லை.

பார்த்தீர்களா? அன்று ஒரு குறைபோலத் தோன்றியது உண்மையில் இரண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு "கார்டு போய்விட்டது" என்று தோன்றியது. வழியைப் படிகளாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தபோது இரண்டும் தனித்தனியே வெளிப்பட்டன. ஆய்வகத்தில் மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றச் சொல்கிறோமே, அது தேர்வுக்காக மட்டும் அன்று.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்குங்கள். மற்றொரு கருவியை எடுத்துக்கொண்டு 2, 5, 10 மீட்டர் தொலைவுகளில் நின்று பட்டைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் கைபேசியை எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடி, அதே இடங்களில் மீண்டும் குறியுங்கள். 2.4, 5 கிகா ஹெர்ட்ஸ் இரண்டிலும் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. சுவருக்கு அப்பால் எது முதலில் மங்குகிறது? மூடிய டப்பாவிலிருந்தும் சிறிது அலை கசிந்தால், அது எவ்வழியே வந்திருக்கும்? விடையை முதலில் ஊகித்து எழுதிவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள்.