வெள்ளைக் காரில் சிலந்தி வலை!

உங்கள் கார் வெள்ளை நிறமா? அப்படியானால் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டின் மேல் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல் வட்ட வட்டமாகத் தெரிகிறதல்லவா? கறுப்புக் காராயிருந்தால் வெயிலே காட்டிக் கொடுத்திருக்கும். வெள்ளை பரம சாது, மறைத்து வைத்திருக்கிறது!

உண்மையில் அவை வட்டங்களே அல்ல. நாலா திசையிலும் ஓடும் நுண்ணிய கீறல்கள். ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகிறவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. கீறியது யார்? தினமும் காலையில் பழைய வேட்டித் துணியால் தூசியோடு சேர்த்துத் துடைக்கிறோமே, அந்தத் திருப்பணிதான்!

"பாலிஷ் போட்டால் போச்சு" என்பீர்கள். போகும், ஆனால் பாலிஷ் கீறலை அடைப்பதில்லை. சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குகிறது. இக்காலக் கார்களில் நிறத்துக்கு மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சின் கனம் சுமார் 40, 50 மைக்ரான்தான். தேய்ந்தது திரும்பி வராது. வெள்ளையிலோ, கீறல் போனது கண்ணுக்குத் தெரியாமல் மேலும் மேலும் தேய்க்கத் தோன்றும். ஆபத்து அங்கேதான்!

ஆகவே நன்றாகக் கழுவி, நிழலில் நிறுத்தி, ஒரு சாண் இடத்தில் மட்டும், இருப்பதிலேயே மிருதுவான பாலிஷைப் போட்டுப் பாருங்கள். டார்ச் தீர்ப்புச் சொல்லட்டும். ஓரங்களில் மெஷினை வைக்காதீர்கள். பூச்சு சீக்கிரம் போய்விடும். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கடைசியில் மெழுகு பூசுங்கள்.

நாளை முதல் தண்ணீர் தூசியை அடித்துச் சென்ற பிறகே துணி காரைத் தொடட்டும். அந்த வேட்டித் துணியா? சைக்கிள் துடைக்க ஆகும்!