திறனாய்வுத் தேர்வுகள் (நெய்வேலி)

பள்ளி மாணவர்களுள் கற்றல் திறன் மிக்கவர்களை, ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல், தனித் தேர்வு ஒன்றின் வழியாக இனங்கண்டு உதவித்தொகை வழங்கும் முறை திறனாய்வுத் தேர்வு எனப்படும். தமிழ்நாட்டில் இத்தகைய தேர்வுகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகின்றது. கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலி நகரியத்தையும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தேர்வுகள் குடும்பங்களைப் பொறுத்தவரை எவ்வாறு இயங்குகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

பின்னணி

மீத்திறன் மாணவர் கல்வி என்பது எல்லா நாடுகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் பல பள்ளி மாவட்டங்களில் தொடக்கப் பள்ளி வயதிலேயே குழந்தைகள் சோதிக்கப்பட்டு, பெற்றோரின் இசைவுடன் தனி வகுப்புகளிலோ கூடுதல் பாடங்களிலோ சேர்க்கப்படுகின்றனர். சிங்கப்பூரில் 1984-இல் தொடங்கிய மீத்திறன் கல்வித் திட்டம் தொடக்கநிலை 3-ஆம் வகுப்பில் மாணவர்களைத் தெரிவு செய்து, சில குறிப்பிட்ட பள்ளிகளில் ஒன்று சேர்த்தது. அம்முறையை மாற்றி, எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் இத்தகைய மாணவர்களுக்கு வாய்ப்பளிக்கும் புதிய முறை கொண்டுவரப்படும் என 2024-இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. இலங்கையில் 5-ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை உதவிப்பணத்தையும் பெயர்பெற்ற பாடசாலைகளில் சேரும் வாய்ப்பையும் ஒருங்கே தீர்மானிக்கின்றது.

தமிழ்நாட்டுத் திறனாய்வுத் தேர்வுகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை. தேர்வில் வென்ற மாணவர் அதே வகுப்பறையில், அதே ஆசிரியரிடம், அதே பாடநூலையே தொடர்ந்து படிப்பார். மாறுவது அவர் வங்கிக் கணக்கில் வரும் தொகை மட்டுமே. ஆகவே இவற்றை மீத்திறன் கல்வி என்பதைவிட, வறுமையால் படிப்பு நின்றுவிடக்கூடிய திறமையான பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைக்கும் ஏற்பாடு என்பதே பொருந்தும்.

நெய்வேலியின் நிலை

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்டது. 2016-இல் இதன் பெயர் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் என மாற்றப்பட்டது. சுரங்கத்தையும் அனல்மின் நிலையங்களையும் சார்ந்து உருவான நகரியம் எண்ணிடப்பட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. (வருவாய்த்துறை வழக்கில் வட்டம் என்பது தாலுகாவைக் குறிக்கும். நெய்வேலியில் அது வீட்டு முகவரியின் ஒரு பகுதி. விண்ணப்பம் நிரப்பும்போது இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருத்தல் நலம்.)

நகரியத்தில் நிறுவனம் நடத்தும் பள்ளிகள், மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டப் பள்ளிகள், கேந்திரிய வித்தியாலயம், தனியார் பள்ளிகள் எனப் பலவகைப் பள்ளிகள் உள்ளன. சுற்றியுள்ள ஊராட்சிகளில் அரசுப் பள்ளிகள் உள்ளன. இப்பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருள் நிரந்தர ஊழியர், ஒப்பந்தத் தொழிலாளர், முந்திரியும் நெல்லும் பயிரிடும் உழவர், சிறு வணிகர் எனப் பலதரப்பினரும் உண்டு. ஒரு மாணவர் எந்தத் தேர்வை எழுதலாம் என்பது அவரது திறனுக்கு முன்பே மூன்று செய்திகளால் முடிவாகிவிடுகின்றது: பள்ளி எவ்வகையைச் சேர்ந்தது, அது எந்த உள்ளாட்சி எல்லைக்குள் உள்ளது, குடும்பத்தின் ஆண்டு வருமானம் எவ்வளவு. சாலைக்கு இந்தப் பக்கம் உள்ள பிள்ளைக்குத் திறந்திருக்கும் தேர்வு, அந்தப் பக்கம் உள்ள பிள்ளைக்கு இல்லாமற் போவது இதனால்தான்.

ஊரகத் திறனாய்வுத் தேர்வு

இத்தேர்வு ஊரகப் பகுதிகளில் உள்ள, அரசு ஏற்பு பெற்ற பள்ளிகளில் 9-ஆம் வகுப்பு பயில்வோருக்கானது. 8-ஆம் வகுப்பில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், பெற்றோரின் ஆண்டு வருமானம் 1 இலட்சம் ரூபாய்க்கு மிகாமையும் தகுதிகளாகும். ஒவ்வொரு வருவாய் மாவட்டத்திலும் 50 மாணவர், 50 மாணவியர் தெரிவு செய்யப்பட்டு, 9-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய் பெறுகின்றனர். நான்காண்டுகளில் கிடைக்கும் மொத்தத் தொகை 4,000 ரூபாய். இது இன்றைய விலைவாசியில் சிறு தொகையே. எனினும் மாவட்டத்தில் நூற்றுவருள் ஒருவர் என்ற மதிப்பு பள்ளிகளிடையே இத்தேர்வுக்கு இன்னமும் உண்டு.

நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் உள்ள பள்ளிகளின் மாணவர் இதனை எழுத இயலாது. இவ்விதியின் விளைவை நெய்வேலிக்கு அருகிலேயே காணலாம். வள்ளலார் சத்திய ஞான சபையை நிறுவிய வடலூர் நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்து 2021-இல் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. ஊர் தரம் உயர்ந்ததும் அதன் எல்லைக்குள் உள்ள பள்ளிகள் விதிப்படி ஊரகப் பள்ளிகள் என்ற நிலையை இழக்கின்றன. அங்குள்ள கூலித் தொழிலாளியின் வருமானம் ஊரோடு சேர்ந்து உயர்ந்துவிடுவதில்லை.

தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு

என்.எம்.எம்.எஸ். என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படும் இத்திட்டத்தை இந்திய அரசு 2008-இல் தொடங்கியது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 1 இலட்சம் உதவித்தொகைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டின் பங்கு 6,695 ஆகும். தொடக்கத்தில் மாதம் 500 ரூபாயாக இருந்த தொகை 2017 முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 9-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை நான்காண்டுகளுக்கு மொத்தம் 48,000 ரூபாய் கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு இது பிள்ளையைப் பத்தாம் வகுப்போடு வேலைக்கு அனுப்புவதா, மேலும் படிக்கவைப்பதா என்பதைத் தீர்மானிக்கக்கூடிய தொகை.

அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 8-ஆம் வகுப்பு பயில்வோர் இத்தேர்வை எழுதலாம். கேந்திரிய வித்தியாலயம், நவோதயா பள்ளி, தனியார் பள்ளி ஆகியவற்றின் மாணவர் எழுத இயலாது. நிறுவனப் பள்ளிகள் நிறைந்த நெய்வேலியில் முதலில் கேட்டறிய வேண்டியது, தம் பிள்ளையின் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளியா என்பதே. பெயரைக் கொண்டு இதனை ஊகிக்க முடியாது. பள்ளி அலுவலகத்தில் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 7-ஆம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 50 விழுக்காடு போதும். முன்னர் 1.5 இலட்சமாக இருந்த ஆண்டு வருமான வரம்பு பின்னர் 3.5 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

தேர்வு இரு தாள்களைக் கொண்டது. ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள். நேரம் 90 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால் எந்த வினாவையும் விடாமல் விடையளிக்கலாம். படிப்பறிவுத் தாள் அறிவியல், சமூக அறிவியல், கணிதம் ஆகிய பாடங்களிலிருந்து அமையும். பிள்ளைகள் தடுமாறுவது மற்றொன்றான மனத்திறன் தாளில்தான், ஏனெனில் அதற்கெனப் பாடநூல் இல்லை. எடுத்துக்காட்டாக 3, 8, 15, 24 என்ற தொடரில் அடுத்த எண் யாது என வினவப்படலாம். வேறுபாடுகள் 5, 7, 9 எனச் செல்வதால் அடுத்தது 11, விடை 35. ஒவ்வோர் எண்ணும் ஒரு வர்க்க எண்ணில் ஒன்று குறைந்தது எனக் கண்டாலும் அதே விடை கிடைக்கும். இதில் அறிவை விடப் பழக்கமே கைகொடுக்கின்றது. ஆசிரியர் ஒருவர் பள்ளி முடிந்தபின் நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கி இவ்வகை வினாக்களைப் பழக்கும் பள்ளிகளிலிருந்து பலர் தேர்ச்சி பெறுவதில் வியப்பில்லை.

இரு தாள்களிலும் சேர்த்து 40 விழுக்காடு, அதாவது 180-க்கு 72 பெற்றால் தேர்ச்சி. பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு இது 32 விழுக்காடு. ஆயினும் தேர்ச்சி வேறு, உதவித்தொகை வேறு. தேர்ச்சி பெற்றோருள் இட ஒதுக்கீட்டு முறைப்படியும் மாவட்ட ஒதுக்கீட்டின்படியும் மதிப்பெண் வரிசையில் முன்னிற்போருக்கே தொகை வழங்கப்படும்.

விண்ணப்பமும் தொடர்ச்சியும்

மாணவர் நேரடியாக விண்ணப்பிப்பதில்லை. நிரப்பிய படிவத்தைப் பெற்று இணையத்தில் பதிவேற்றுபவர் தலைமையாசிரியர். அறிவிப்புக்கும் இறுதி நாளுக்கும் இடைவெளி குறைவு. வருமானச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பெறச் சில நாட்கள் ஆகலாம். எனவே கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அதனைப் பெற்று வைப்பது நல்லது. பெற்றோர் எழுதப் படிக்க இயலாதவர்களாக இருக்கும் வீடுகளில் இச்சான்றிதழே பெரும் தடையாகின்றது.

என்.எம்.எம்.எஸ். தெரிவுக்குப் பின்னரும் பணி உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்து, மாணவர் பெயரிலான வங்கிக் கணக்கை ஆதாருடன் இணைத்து, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். 10-ஆம் வகுப்பில் 60 விழுக்காடு பெறாவிடின் தொகை தொடராது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 55 விழுக்காடு. பலர் அறியாதது மற்றொன்று: உதவித்தொகை பெறுபவர் 12-ஆம் வகுப்பு முடியும்வரை அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியிலேயே பயில வேண்டும். 10-ஆம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளையை, கட்டணச் சலுகை தருவதாகக் கூறித் தனியார் மேல்நிலைப் பள்ளிகள் அழைப்பது வழக்கம். அவ்வாறு மாறினால் எஞ்சிய இரண்டாண்டுகளுக்குரிய 24,000 ரூபாய் இழப்பாகும். அத்துடன், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் தமிழ்நாடு அரசு வழங்கும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுத் தகுதியும் போய்விடும். ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவெடுப்பது குடும்பத்தின் உரிமை. ஒப்பிடுவதற்கான செய்தி அவர்களுக்கு முன்கூட்டியே கிடைக்க வேண்டும்.

மேல்நிலை வகுப்புகளில்

2022-இல் தொடங்கிய தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வை 11-ஆம் வகுப்பு மாணவர் எழுதலாம். 10-ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை அடிப்படையாகக் கொண்ட இத்தேர்வில் 1,500 பேர் தெரிவு செய்யப்பட்டு இரண்டாண்டுகளுக்கு மாதம் 1,500 ரூபாய் பெறுகின்றனர். இவர்களுள் பாதியளவு அரசுப் பள்ளி மாணவர். மத்திய வாரியப் பாடத்திட்ட மாணவரும் எழுதலாம் என்பதால், நெய்வேலியில் ஏறக்குறைய எல்லா வகைப் பள்ளி மாணவருக்கும் பொதுவான மாநிலத் தேர்வு இதுவே. 2023-இல் முதன்முறையாக நடைபெற்ற தமிழ்நாடு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வோ அரசுப் பள்ளி மாணவருக்கு மட்டும் உரியது. அதில் 500 மாணவரும் 500 மாணவியரும் தெரிவாகி, இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் பெறுகின்றனர்.

நிறுத்தப்பட்ட தேர்வும் திறக்கப்படாத பள்ளியும்

1963-இல் தில்லியில் அறிவியல் திறனறித் தேர்வாகத் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வு, பள்ளி வகையோ வருமானமோ பாராமல் அனைவருக்கும் திறந்திருந்தது. நகரியத்தின் மத்திய வாரியப் பள்ளி மாணவருக்கு இதுவே தேசிய அளவிலான பெரும் வாய்ப்பாக விளங்கியது. திட்டத்துக்கான ஒப்புதல் 2021 மார்ச்சு 31 உடன் முடிவடைந்தது. அதன்பின் தேர்வு நிறுத்தி வைக்கப்பட்டது.

ஊரக மீத்திறன் மாணவருக்கென 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையையொட்டி உருவான நவோதயா உறைவிடப் பள்ளிகள், மும்மொழிக் கொள்கை குறித்த வேறுபாட்டால் தமிழ்நாட்டில் திறக்கப்படவில்லை. அண்டையிலுள்ள புதுச்சேரியில் ஒன்று உள்ளது. ஆயினும் சேர்க்கை அந்தந்த மாவட்டத்தில் வசித்துப் படிப்போருக்கே உரியதாகையால் கடலூர் மாவட்டப் பிள்ளைகளுக்கு அது பயன்படுவதில்லை. மாறாகத் தமிழ்நாடு அரசு அண்மைய ஆண்டுகளில் மாவட்டந்தோறும் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான உறைவிட மாதிரிப் பள்ளிகளை அமைத்துள்ளது. உதவித்தொகையோடு நில்லாமல், தெரிவு செய்த மாணவருக்குத் தனியான கற்பித்தலையும் வழங்கும் ஏற்பாடு மாநிலத்தில் இதுவாகும். இங்கும் சேர்க்கை அரசுப் பள்ளி மாணவருக்கே. பதினான்கு வயதில் பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் முடிவைப் பெற்றோர் எடுக்க வேண்டியுள்ளது. பெண் பிள்ளைகளின் வீடுகளில் அது எளிதில் முடிவதில்லை.