மறமும் மகளிர் மதிப்பும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் மலைப்பாதை, கொண்டையூசி வளைவுகள் பலவற்றைக் கடந்து போடிமெட்டை அடைகின்றது. தமிழ்நாடும் கேரளமும் எல்லையால் கூடும் இடம் அது. ஏலத்தோட்டங்கள் நிறைந்த மலைச்சரிவுகள் அதனை அடுத்து உள்ளன. அம்மேட்டிற்குக் கிழக்கே பண்டைப் பாண்டிநாட்டுச் சமவெளி பரந்துள்ளது. வடகிழக்கே பழனிமலைத் தொடர் நீண்டு கிடக்கின்றது. மேற்கே சேரர் ஆண்ட மலைநாடு விரிகின்றது. இம்மூன்று திசைகளும் சங்ககால மன்னர் மூவரை நமக்கு நினைவூட்டுகின்றன. வீரம் மிக்க மன்னன் பெண்டிரிடம் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதை அவர்தம் செயல்களால் அறியலாம்.

கிழக்குத் திசைக்கு உரியவன் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. வேள்விக்குடிச் செப்பேடும் இவனைக் குறிப்பிடுகின்றது. இவன் போர்க்களத்தில் மென்மை காட்டியவன் அல்லன். பகைவர் நகரத்துத் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழ்செய்தவன் என்று நெட்டிமையார் என்னும் புலவர் பாடியுள்ளார். ஆயினும், அப்புலவரே புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் இவனது அறநெறியைப் பாராட்டுகின்றார். போர் தொடங்குமுன் இவன் ஓர் அறிவிப்புச் செய்வான். பசுக்களும், அந்தணரும், பெண்டிரும், நோயுற்றோரும், முன்னோர்க்குக் கடன் ஆற்றும் புதல்வரைப் பெறாதோரும் காவலான இடத்தைச் சென்று அடைக என்பதே அவ்வறிவிப்பு. அதன் பின்னரே இவன் படை அம்பு தொடுக்கும்.

இதன் அருமையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். சொல்லாமல் தாக்குவோனுக்கு வெற்றி எளிது. முன்னரே அறிவித்தால் பகைவன் விழிப்படைவான், படை திரட்டுவான், மதிலை வலுப்படுத்துவான். இவ்விழப்பை எல்லாம் அறிந்தே முதுகுடுமி அறிவித்தான். தனக்கு வரும் தீங்கைப் பொருட்படுத்தாது, பகைவன் நாட்டுப் பெண்ணின் உயிரையும் காத்தலே மறத்துள் விளங்கும் அறம் ஆகும். 1949ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. போர்க்காலத்தில் நோயாளர், முதியோர், குழந்தைகள், கருவுற்ற பெண்கள் முதலியோர் தங்குவதற்குக் காப்பிடங்கள் அமைத்துக்கொள்ளலாம் என அது வகுத்தது. பெண்களின் மானத்திற்கு ஊறு நேராமல் காத்தல் வேண்டும் எனவும் விதித்தது. முதுகுடுமியின் அறிவிப்பில் இக்கருத்தின் வித்து இருத்தல் காண்க.

வடகிழக்குத் திசைக்கு உரியவன் பேகன். பழனிமலைப் பகுதியை ஆண்ட ஆவியர் குடித் தலைவன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மயில் குளிரால் நடுங்குமே என்று இரங்கித் தன் போர்வையை அதற்கு அளித்தவன். மயிலுக்கு இரங்கிய இவ்வள்ளல், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவள் வேறு. இவளது கண்ணீரைக் கண்ட புலவர் நால்வர் அவனை நெருங்கி இடித்துரைத்தனர். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்போர் அந்நால்வர். எமக்குப் பசி இல்லை. எம்மைச் சார்ந்த சுற்றமும் இல்லை. இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் தீர்ப்பாயாக. யாம் வேண்டும் பரிசில் அதுவே என்னும் கருத்துப்படப் பரணர் பாடினார். வறுமையோடு வாழ்ந்த புலவர்கள், பொன்னையும் பொருளையும் வேண்டாது, ஒரு பெண்ணுக்கு நீதி வேண்டி நின்றனர். ஊரார்க்கு வாரி வழங்கும் கை, தன் இல்லத்தில் உள்ளாளை மறந்தால் அதன் புகழ் குறைவுபடும் என்பதை அவர்கள் அஞ்சாது உணர்த்தினர்.

மேற்குத் திசை நன்னனை நினைவூட்டுகின்றது. மேலைக் கடற்கரையில் உள்ள ஏழில்மலையைச் சங்கப் பாடல்கள் நன்னன் என்னும் பெயரோடு இணைத்துப் பேசுகின்றன. நன்னனுடைய காவல் மரத்தின் காய் ஒன்று ஆற்றில் மிதந்து வந்தது. நீராடச் சென்ற இளம்பெண் ஒருத்தி அதனை எடுத்து உண்டாள். அதற்காக அவளுக்குக் கொலைத் தண்டனை விதிக்கப்பட்டது. எண்பத்தொரு யானைகளும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருவதாக உறவினர் வேண்டியும் நன்னன் இசையவில்லை. பேகனிடம் இரந்து நின்ற அதே பரணர், குறுந்தொகைப் பாட்டொன்றில் நன்னனை நரகம் புகுந்தவன் என்று பழிக்கின்றார். அவனது படையும் செல்வமும் அப்பழியைத் துடைக்கவில்லை.

மூவரும் வலிமை உடையவரே. முதுகுடுமி தன் வலிமைக்குத் தானே வரம்பு அமைத்தான். அதனால் புகழ் பெற்றான். பேகன் தன் மனைவியிடம் தவறினான், அதனால் இடித்துரைக்கப்பட்டான். நன்னன் எளிய பெண்ணின் உயிரைப் பறித்தான். அதனால் என்றும் பழிக்கு ஆளானான். ஒருவனது வீரத்தை அளக்கும் கோல் வாள் அன்று. தன்னை எதிர்க்க இயலாதாரிடம் அவன் காட்டும் நடத்தையே ஆகும்.

இன்று முடிமன்னர் இல்லை. ஆயினும், போடியின் மலைப்பாதை வழியே ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் வேலைக்குச் செல்கின்றனர். வழியில் அவர்களுக்கு இடம் விட்டு நிற்போரும், அவர்களுக்கு உரிய கூலியைக் குறையாது அளிப்போரும், வீட்டில் தாயையும் உடன்பிறந்தாளையும் மதிப்போரும் முதுகுடுமியின் நெறியில் நிற்பவர் ஆவர். அந்நெறியில் நிற்றற்கு மணிமுடி வேண்டுவதில்லை. மாண்புடைய மனமே வேண்டும்.