மனநோயிலிருந்து மீளக் கற்றல்

கால் எலும்பு முறிந்தவன், கட்டு அவிழ்த்த மறுநாளே ஓடத் தொடங்குவதில்லை. தடியூன்றி நடக்கப் பழகி, பின்னர் தடியை விடுத்து, படிப்படியாகவே பழைய நடையைப் பெறுகிறான். இதை வீட்டார் எளிதில் உணர்வர். ஆனால் மனநோயால் பல மாதங்கள் துன்புற்ற ஒருவர் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், அடுத்த வாரமே வேலைக்குச் செல்லவேண்டும், நான்கு பேரிடம் கலகலப்பாகப் பேசவேண்டும் என்று அதே வீட்டார் எதிர்பார்க்கின்றனர். அது நடவாதபோது சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் பெயரிடுகின்றனர். பொய்க் குரல்களையும் பீதியையும் மருந்து அடக்கியிருக்கலாம். குலைந்துபோன உறக்கத்தையும், வேலைப் பழக்கத்தையும், பிறரோடு பழகும் துணிவையும் மாத்திரை தானாகவே திருப்பித் தந்துவிடாது. அவற்றைப் பயின்றே பெறவேண்டும்.

இப்பயிற்சியை அளிப்பவர் யார்? பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிலையமான நிம்ஹான்ஸ் 2015-16 ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை. புனே நகரின் ஏரவாடாவில் நாட்டின் மிகப் பெரிய மனநல மருத்துவமனைகளுள் ஒன்று இருக்கிறது. ஆயினும் மருத்துவமனை எவ்வளவு பெரிதாயினும் அதன் மதிலுக்கு வெளியே இருப்பவர்களே அதிகம். மருத்துவரின் கைக்கு எட்டாத இந்தப் பகுதியில்தான் கட்டணமில்லாப் பயிற்சிகள் பயன்படுகின்றன.

வீட்டாருக்குக் கற்பித்தல் என்னும் கருத்து நம் நாட்டுக்குப் புதிதன்று. 1950-களில் அமிருதசரஸ் மனநல மருத்துவமனையின் தலைவராயிருந்த டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்தார். நோய் இன்னதென்றும், நோயாளியிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்றும் அவர்களுக்கு எடுத்துரைத்தார். நம் வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-ல் தொடங்கப்பெற்றபோது, குடும்பத்தினர் ஒருவர் நோயாளியுடன் தங்குவது அங்கும் முறையாயிற்று. இடப்பற்றாக்குறையால் பிறந்த ஏற்பாடு என்று சிலர் இதனை எண்ணக்கூடும். தனித்து விடப்பட்டவர்களைவிட உறவினர் துணையுடன் இருந்தவர்கள் விரைவில் வீடு திரும்பினர் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை.

புனேயில் இவ்வழியை மருத்துவர் அல்லாத ஒருவர் மேற்கொண்டார். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த டாக்டர் ஜகந்நாத் வாணி புள்ளியியல் அறிஞர். அவருடைய மனைவி ஸ்கிஸோஃப்ரேனியா என்னும் மனச்சிதைவு நோய்க்கு ஆளானவர். அந்நோயுடன் வாழும் குடும்பத்தின் பாட்டை அவர் நேரில் அறிந்திருந்தார். 1997-ல் புனேயில் ஸ்கிஸோஃப்ரேனியா விழிப்புணர்வுச் சங்கத்தை அவர் நிறுவினார். நோயாளிகளின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஒன்றுகூடித் தம் அனுபவங்களைப் பரிமாறிக்கொள்ளும் கூட்டங்களைச் சங்கம் நடத்தியது. 2004-ல் வெளிவந்த ‘தேவராயி’ என்னும் மராத்தித் திரைப்படம் மனச்சிதைவு நோயாளி ஒருவரையும் அவர் குடும்பத்தையும் பற்றியது. அதன் தயாரிப்பிலும் வாணிக்குப் பங்குண்டு. கூட்டத்துக்கு வராத பலரையும் திரைப்படம் எட்டிற்று.

இத்தகைய கூட்டங்களில் கற்பதற்கு என்ன இருக்கிறது? முதலாவது, நோய் திரும்புவதற்கு முன் தோன்றும் குறிகள். உறக்கம் குறைதல், காரணமின்றி ஐயுறுதல், உணவை மறுத்தல் போன்ற குறிகள் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு வரிசையில் தோன்றும். அவ்வரிசையை முதலில் காண்பவர் உடன் வாழும் தாயோ தமக்கையோ தான். இரண்டாவது, பேச்சின் தன்மை. ஓயாது குறைகூறும் வீட்டில் மனச்சிதைவு நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை இங்கிலாந்தில் நடைபெற்ற ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. சண்டிகரில் ஆராய்ந்தபோது, அங்குள்ள குடும்பங்களில் இலண்டன் குடும்பங்களைவிடக் குறைகூறல் குறைவாகவே காணப்பட்டது. இதைக் கொண்டு நாம் பெருமை கொள்ளலாம். நம் வீடுகளில் யாரும் குறை கூறுவதில்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது.

கடும் நோயல்லாத மனச்சோர்வும் மனக்கலக்கமும் வேறு வகையின. இவற்றுக்கு வழிகாண முயன்றது புனே சட்டக் கல்லூரியை நடத்தும் இந்தியச் சட்டச் சங்கத்தின் மனநலச் சட்ட, கொள்கை மையமாகும். இதன் தலைமையிலிருந்த மனநல மருத்துவர் சௌமித்ர பதாரே, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தை வரைவதிலும் பங்கு கொண்டவர். ‘ஆத்மீயதா’ என்னும் பெயருடைய இம்மையத்தின் திட்டம் 2013 முதல் 2015 வரை நாசிக் மாவட்டத்தின் 41 கிராமங்களில் சோதித்துப் பார்க்கப்பெற்றது. அவ்வூர்களிலேயே வாழும், ஊரார் நம்பிக்கைக்குரிய ஆண்களும் பெண்களும் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றனர். இவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். துயருற்ற ஒருவரை நான்கு முதல் ஆறு முறை சந்தித்துப் பேசுவது இவர்கள் பணி.

அப்பேச்சு வெறும் ஆறுதல் அன்று. மனம் சோர்ந்தவர் முதலில் கோவிலுக்குச் செல்வதை விடுகிறார். பிறகு அண்டை வீட்டாரிடம் பேசுவதை விடுகிறார். பின் சமையலறைக்குள்ளும் நுழைவதில்லை. மகிழ்ச்சி தரும் செயல்கள் ஒவ்வொன்றாக விடுபடுவதால் சோர்வு மேலும் பெருகுகிறது. சோர்வு பெருகுவதால் செயல் மேலும் குறைகிறது. இச்சுழலை மனத்தின் பக்கமிருந்து அறுப்பது கடினம். செயலின் பக்கமிருந்து அறுப்பது ஓரளவு எளிது. ஆகவே தொண்டர், நாளை காலை பத்து நிமிடம் வெளியே நடப்பது போன்ற ஒரு சிறு செயலை அவரோடு சேர்ந்து குறித்துக்கொள்கிறார். மறுமுறை வரும்போது அதைப் பற்றி விசாரிக்கிறார். கடனோ கிடைக்காத ஓய்வூதியமோ துயரின் வேராயிருந்தால், விண்ணப்பம் எழுதவும் துணை நிற்கிறார். வறுமையால் வந்த கவலைக்கு அறிவுரை மட்டும் மருந்தாகாது என்பதை இத்திட்டம் மறக்கவில்லை. கடும் நோய்க்குறி தென்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவதும் பயிற்சியின் ஒரு பகுதி.

இது உண்மையில் பயன் தந்ததா என்பதை அறிய, குஜராத் மாநிலத்தின் மேஹ்சாணா மாவட்டத்தில் 645 கிராமங்களில் ஆராய்ச்சி நடைபெற்றது. எந்த ஊருக்கும் திட்டத்தை முற்றாக மறுப்பது முறையன்று. ஆகவே ஊர்த்தொகுதிகள் யாவும் திட்டத்தைப் பெற்றன; எது முந்தி, எது பிந்தி என்பது மட்டும் குலுக்கல் முறையில் முடிவாயிற்று. தம் முறைக்குக் காத்திருந்த ஊர்கள் ஒப்பீட்டுக்கு உதவின. தொண்டரின் உதவி பெற்றவர்களுள் குணமடைந்தோர் விகிதம் மூன்றாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் கூடுதலாகவே இருந்தது. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் பல நாடுகளின் நல்ல முயற்சிகளுக்கு நடுவே ஆத்மீயதாவும் இடம்பெற்றது. சென்னையில் ‘தி பேன்யன்’ தொடங்கிய இல்லத் திட்டமும் அதே நூலில் இருக்கிறது.

மேல்நாடுகளில் இக்கருத்து கல்லூரி வடிவமே எடுத்துவிட்டது. தென்மேற்கு இலண்டனில் 2009-ல் முதல் ‘மீட்புக் கல்லூரி’ தோன்றியது. அங்கு வருபவர் நோயாளி அல்லர், மாணவர். உறக்கம், மருந்து, வேலைக்குத் திரும்புதல் முதலிய பாடங்களுள் தமக்கு வேண்டியதை அவரே தேர்ந்துகொள்கிறார். ஒவ்வொரு பாடத்தையும் துறை வல்லுநர் ஒருவரும் அந்நோயினின்றும் மீண்டவர் ஒருவரும் சேர்ந்து வகுத்து, சேர்ந்தே நடத்துகின்றனர். 2021-ல் 28 நாடுகளில் இத்தகைய கல்லூரிகள் 221 இருந்தன.

இவ்வகுப்புகள் மருத்துவருக்கு மாற்று அல்ல. மனச்சிதைவு நோய்க்கு மருந்தை நிறுத்திவிட்டு வகுப்புக்கு மட்டும் செல்பவர் ஆபத்தை வரவழைத்துக்கொள்கிறார். ஊதியமற்ற தொண்டர்களைக் காட்டி மருத்துவர் பதவிகளை நிரப்பாது விடுவதும் முறையாகாது. உடனடி ஆலோசனை வேண்டுவோருக்கு மத்திய சர்க்கார் 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவை உண்டு. 14416 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நோயுற்றவர் மட்டுமன்றி அவரைப் பேணுவோரும் அழைக்கலாம்.